சிற்றிலும் மரவீடும்

சிற்றில் தமிழ் இலக்கியம் நன்கறிந்த விளையாட்டு. சிறுமியர் மணலில் வீடு கட்டுவர். அலையோ குறும்புக்காரச் சிறுவனோ வந்து அதை அழிப்பதுண்டு. நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் 'எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே' என்னும் வேண்டுகோளாகவே அமைந்திருக்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழிலோ அது தனியொரு பருவம். கட்டுபவளும் குழந்தை, அழிந்தால் மறுநாள் மீண்டும் கட்டுபவளும் குழந்தை. பராமரிப்பு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

இதற்கு நேர்மாறான வழக்கம் ஒன்று இங்கிலாந்தின் செல்வர் வீடுகளில் வளர்ந்தது. குழந்தைகளின் விளையாட்டு வீட்டைப் பெரியவர்களே தோட்டத்தில் மரத்தால் கட்டினர். பின்னர் மழையிலிருந்தும் உளுப்பிலிருந்தும் அதனைக் காத்துவந்தனர். எத்தகைய வீட்டைத் தேர்ந்தனர் என்பதிலிருந்து, குழந்தையை அவர்கள் என்னவாகக் கருதினர் என்று அறியலாம்.

1832-ஆம் ஆண்டு, பதின்மூன்று வயது விக்டோரியா ஷ்ராப்ஷயரின் பிட்ச்ஃபோர்ட் மாளிகைக்குச் சென்றார். அங்கே முதிய லிண்டன் மரமொன்றின் கிளைகளுக்கிடையே 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறுவீடு ஒன்று உண்டு. அதன்மேல் ஏறி நின்றுதான் அவர் வேட்டையைப் பார்த்தார். அது குழந்தைகளுக்கென்றே கட்டப்பட்டதா என்பது வேறு கேள்வி. எவ்வாறாயினும் அந்த வீடு இன்றும் இருக்கிறது. அதைச் சுமக்கும் மரத்திற்குத்தான் இப்போது முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது!

அந்தச் சிறுமி அரசியாகி, ஒன்பது பிள்ளைகளுக்குத் தாயுமானார். வைட் தீவில் உள்ள ஆஸ்பர்ன் மாளிகையின் தோட்டத்தில், அரசியும் கணவர் ஆல்பர்ட்டும் 1853-54-இல் பிள்ளைகளுக்காக மரவீடு ஒன்றை எழுப்பினர். ஆல்ப்ஸ் மலைவாழ் உழவரின் வீட்டைப் போன்றது; பெயரும் சுவிஸ் காட்டேஜ். இவ்வமைப்பை வெறும் நாகரிக மோகமென்று தள்ளிவிட முடியாது. நனைவதனால் மட்டும் மரம் கெடுவதில்லை, நனைந்தபின் உலராமல் இருப்பதனாலேயே கெடுகிறது. மலைவீட்டின் அகன்ற இறவாரம் மழைநீரைச் சுவரில் படாமல் அப்பால் தள்ளும். கடலோரத் தீவொன்றில் மரத்தால் கட்ட நினைப்பவர் வேறெதைத் தேர்ந்திருக்க முடியும்?

உள்ளே உண்மையான சமையலறை இருந்தது. அடுப்பும் பாத்திரங்களும் சிறுகைகளுக்கேற்ற அளவின. இளவரசியர் அங்கே பண்டங்கள் செய்யக் கற்றனர். வெளியே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப்பாத்தி, பெயரெழுத்துப் பொறித்த தள்ளுவண்டி, தோட்டக் கருவிகள். விளைந்த காய்கறிகளைச் சந்தை விலைக்கே ஆல்பர்ட் வாங்கிக்கொண்டாராம். அரசகுமாரனுக்கு முள்ளங்கியின் விலை தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணிய தந்தை! இதில் பாடத்திட்டத்தின் வாடை வீசுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. மூத்த மகன் பெர்ட்டியின் கல்வி எவ்வளவு கடுமையாக நடத்தப்பட்டது என்பதும் வரலாறு அறிந்ததே. எனினும் களை பறிக்கும் பொறுப்பாவது பிள்ளைகளிடம் இருந்தது. அந்த பெர்ட்டிதான் ஏழாம் எட்வர்டாகி, 1902-இல் ஆஸ்பர்னை நாட்டுக்கே கொடுத்துவிட்டார். பெயரெழுத்துத் தாங்கிய தள்ளுவண்டிகள் இன்றும் அங்கே காப்பாற்றப்படுகின்றன.

அடுத்த நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1932-இல் வேல்ஸ் மக்கள் ஆறு வயது இளவரசி எலிசபெத்துக்கு 'அ புத்தின் பாக்' என்னும் குறுவீட்டைப் பரிசளித்தனர். வேல்சு மொழியில் 'சிறு குடில்' என்று பொருள். வைக்கோல் கூரையின் கீழே மின்விளக்கு, குழாயில் வெந்நீர், அலமாரியில் குட்டிப் புத்தகங்கள். நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஆயிரக்கணக்கானோர் வேலையின்றி வாடிய காலம் அது. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைக்காத வெந்நீர் ஒரு பொம்மை வீட்டின் குழாயில் வந்தது என்பதை எளிதில் கடந்துபோக என்னால் இயலவில்லை. வேல்சின் கைத்திறனை உலகறியச் செய்யும் முயற்சி அது என்பாரும் உளர். அதிலும் உண்மை உண்டு.

வழியிலேயே கூரையில் தீப்பற்றியது. மரங்கள் பல கருகின. கைவினைஞர்கள் மீண்டும் கட்டிக்கொடுத்தனர். எண்பது ஆண்டுகள் கழித்து, 2012 அளவில், எலிசபெத்தின் பேத்தி பியட்ரிசின் மேற்பார்வையில் புதுக்கூரை வேயப்பட்டது, மின்கம்பிகள் மாற்றப்பட்டன. இளவரசிக்கு இதில் பெருக்கித் துடைக்கும் வேலையேனும் இருந்திருக்கும்; கூரை வேய்வதும் கம்பி இழுப்பதும் குழந்தையால் ஆகுமா? வாசலோ ஆறு வயதுக்கு அளவெடுத்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் பழுதுபார்க்க வருகிற தச்சரும் வண்ணம் பூசுபவரும் குனிந்தபடியேதான் அதற்குள் நுழைய வேண்டியிருக்கிறது.