தேர்ந்த ஆர்வலரின் டிஜிட்டல் எஸ்எல்ஆர் கமரா: மலைநாட்டு வரலாறு

டிஜிட்டல் எஸ்எல்ஆர் கமரா என்பது, படம் பிடிப்பவரின் கண்ணுக்குத் தெரியும் காட்சியும் பின்னர் படமாகப் பதிவாகும் காட்சியும் ஒரே வில்லையின் வழியாகவே உட்புகுமாறு அமைக்கப்பட்டு, பிலிம் சுருளுக்குப் பதிலாக ஒளியுணரும் சில்லொன்றின் மேல் பிம்பத்தைப் பதிக்கும் சாதனமாகும். வில்லைக்குப் பின்னால் 45 பாகைச் சாய்வில் நிற்கும் சிறு கண்ணாடி வரும் ஒளியை மேல்நோக்கித் திருப்ப, ஐங்கோணப் பளிங்கு அதனை நேராக்கிக் கண்ணுக்குத் தருகிறது; விசையை அழுத்திய கணத்தில் கண்ணாடி மேலே மடங்க, திரை திறந்து மூட, சில்லு ஒளியை ஏற்றுக்கொள்ள, கண்ணாடி மறுபடியும் தன் இடத்துக்கு இறங்கிவிடுகிறது. பத்திரிகைப் படப்பிடிப்பாளருக்கான விலையுயர்ந்த வகைக்கும் புதிதாகக் கற்போருக்கான எளிய வகைக்கும் இடையில், படக்கலையை ஜீவனோபாயமாகக் கொள்ளாவிடினும் அதன் நுட்பங்களில் தேர்ச்சி பெற்ற ஆர்வலருக்கென நிர்மாணிக்கப்பட்ட நடுத்தர வகையொன்று உண்டு. அவ்வகையின் சரித்திரமும், நுவரெலியா மாவட்டத்துப் பூண்டுலோயா முதலிய தோட்டப் பிரதேசங்களில் அதன் உபயோகமும் இங்கே கூறப்படும்.

மலைநாட்டில் கமராவின் கதையை ஓர் ஆர்வலரிடமிருந்தே தொடங்கலாம். இங்கிலாந்தில் 48 வயதில் கமராவைக் கையிலெடுத்து, முகச் சித்திரங்களால் பெரும்புகழ் எய்திய ஜூலியா மார்கரெட் கமெரன் அம்மையார், 1875 இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார்; பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலய வளவில் அவருடைய சமாதி இன்றும் உள்ளது. கண்ணாடித் தகட்டில் இரசாயனத்தைப் பூசி, அது உலர்ந்துபோகுமுன் ஒளி காட்டி, உடனேயே கழுவி எடுக்கவேண்டிய அக்காலத்து முறையில், அவர் இலங்கையில் எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. அவற்றிலே தொழிலாளரும் உள்ளூர் மக்களும் அமைதியாக நிற்கிறார்கள். ஆனால் அவர்களுட் பெரும்பாலோர் யார், எந்த ஊரார் என்பதை எழுதிவைப்பார் இல்லை.

அவர் காலத்திலும் அதன் பின்னரும் கண்டியில் தொழில் நடத்திய சார்ள்ஸ் ஸ்கோவன், கொழும்பில் ஸ்கீன் கம்பனியார், 1890 இல் தொடங்கிய பிளேட் கம்பனியார் ஆகியோரின் படங்களும் தபாலட்டைகளும் கொழுந்துக் கூடை சுமந்த பெண்களின் உருவத்தை உலகெங்கும் கொண்டுசென்றன. 1930களில் லயனல் வென்ட் என்னும் சட்டத்தரணி, பியானோக் கலைஞராகவும் விளங்கியவர், லைக்கா கமராவைக் கொண்டு இலங்கையின் படக்கலையை உலகத்தரத்துக்கு உயர்த்தி, 1944 இல் 44 வயதிலேயே மறைந்தார். அவரது மேதைமையில் ஐயமில்லை. எனினும் கமராவின் பின்னால் நின்ற இவர்களுள் எவரும் லயம் என்னும் தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் பிறந்தவரல்லர் என்பதையும், மலைநாட்டுத் தமிழர் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் பெரும்பாலும் படம் பிடிக்கப்பட்டார்களேயன்றிப் படம் பிடிக்கவில்லை என்பதையும் இந்த வரலாற்றை எழுதுவோர் மறைக்கலாகாது.

தோட்டத்து மக்கள் தம் விருப்பத்தின்படி தம்மைப் படமெடுத்துக்கொண்ட இடம் பெரும்பாலும் நகரத்து ஸ்டூடியோவே. திருமணம், பூப்புனித நீராட்டு விழா ஆகியவற்றுக்கு மேலாக, 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை ஸ்டூடியோவின் வாசலில் வரிசையாக நிறுத்தியது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கவும் இரு அரசுகளும் முடிவுசெய்ய, கடவுச்சீட்டுக்கான சிறு படமும், பிரிந்துபோகுமுன் குடும்பத்தார் அனைவரும் கூடி எடுத்துக்கொண்ட பெரிய படமும் அவசியமாயின. அழுகையொலி நிறைந்திருந்ததனால் ஒப்பாரிக் கோச்சி என்று மக்கள் அழைத்த, இந்தியாவுக்குச் செல்வோரைச் சுமந்த இரயிலில் ஏறியவர்களின் பெட்டிக்குள்ளும், லயத்துச் சுவரில் தொங்கிய சட்டத்துக்குள்ளும் ஒரே படத்தின் இரு பிரதிகள் இருந்தன. ஒரு படத்தின் பெறுமதியை இதனினும் தெளிவாக உணர்ந்த சமூகம் வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

பிலிம் யுகத்திலேயே எஸ்எல்ஆர் கமரா பூரண உருவம் பெற்றுவிட்டது. 35 மில்லிமீற்றர்ச் சுருளைக் கொண்ட கீன் எக்சாக்டா ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1936 இல் வெளிவந்தது. 1949 இல் கொன்டாக்ஸ் எஸ் ஐங்கோணப் பளிங்கைத் தந்தது. 1954 இல் ஜப்பானின் அசாஹிபிளெக்ஸ் கண்ணாடி தானாகவே திரும்பி இறங்கும் வசதியைச் சேர்த்தது. 1959 இல் நிக்கோன் எஃப் இவை யாவற்றையும் ஒருங்கிணைத்தது. ஆயினும் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய இலங்கையில் கமராவும் பிலிமும் அரும்பொருள்களாயிருந்தமையாலும், தோட்டத்து நாட்கூலியில் ஒரு சுருளைக் கழுவி அச்சிடும் செலவே பெருஞ்சுமையாயிருந்தமையாலும், இந்த அபிவிருத்திகள் மலைக்கு ஏறிவர வெகுகாலம் சென்றது.

ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேமிக்கும் சிசிடி சில்லை 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் போயிலும் ஜோர்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினர். 1975 இல் கொடக் கம்பனியின் இளம் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் 10,000 புள்ளிகளே கொண்ட முதற் படத்தை ஒலிநாடாவில் பதித்தபோது, ஒரு படத்துக்கு 23 விநாடிகள் சென்றன. 1991 இல் நிக்கோன் எஃப் 3 உடலில் அமைந்த கொடக் டிசிஎஸ், 1999 இல் 27 இலட்சம் புள்ளிகளையுடைய நிக்கோன் டி 1 என்பன பத்திரிகை நிறுவனங்களே வாங்கத்தக்கவையாயிருந்தன. 2003 இல் 1,000 டொலருக்கும் குறைந்த விலையில் கெனன் 300 டி வந்தபோதுதான் சாதாரண மக்களுக்கு வழி திறந்தது.

தேர்ந்த ஆர்வலருக்கான நடுத்தர வகை, 2002 இல் நிக்கோன் டி 100, 2003 இல் கெனன் 10 டி, 2004 இல் நிக்கோன் டி 70 எனத் தொடர்ந்து, 2010 இல் வந்த நிக்கோன் டி 7000 இல் தன் இலட்சணங்கள் யாவும் அமையப் பெற்றது எனலாம். 1 கோடியே 62 இலட்சம் புள்ளிகள் கொண்டது என்பதால் அன்று. எளிய கமராக்களில் கண்ணாடித் துண்டுகளால் அமையும் மேற்பகுதிக்குப் பதிலாக உண்மையான பளிங்கு, காட்சியை முழுமையாகக் காட்டும் பார்வைத்துளை, வில்லைத் துளையின் அளவுக்கு ஒன்றும் திரையின் வேகத்துக்கு ஒன்றுமாகச் சுழலும் இரண்டு உருளைகள், மக்னீசியக் கலவையாலான மேற்புறமும் பின்புறமும் ஆகியவற்றை ஓர் ஆசிரியரின் சேமிப்புக்கு எட்டக்கூடிய விலையில் அது தந்தது என்பதே காரணம். சித்தப்பாவோ மாமாவோ என்றோ வாங்கி அலமாரியில் வைத்திருந்த பழைய நிக்கோன் வில்லைகளுட் பலவற்றைப் பூட்டினாலும் ஒளியை அளந்து சொல்லும் தாராளமும் அதற்கு இருந்தது.

பூண்டுலோயாவில் இக்கமராவைக் கையாள்வோர் முதலிற் கற்கவேண்டியது பனிமூட்டத்தின் இயல்பை. கமராவின் ஒளியளவி தன் முன்னுள்ள காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கருதிக் கணக்கிடுவதால், காலையில் பிரட்டு என்னும் வேலைப்பகிர்வு முடிந்து கொழுந்து மலைக்கு ஏறும் பெண்களை வெண்பனியின் நடுவே படம் பிடித்தால், பனி அழுக்குத் துணிபோலவும் முகங்கள் கரிபோலவும் பதிந்துவிடும். ஒரு படி, சிலவேளை அதற்குச் சற்று அதிகமாகவும் ஒளியைக் கூட்டினால்தான் பனி வெண்மையாகவும் முகம் முகமாகவும் நிற்கும். மழை விட்டபின் வெயில் எறிக்கையில் தேயிலை இலையின் மினுமினுப்பு பச்சையை வெளிறச் செய்யும். வில்லையின் முன் முனைவாக்க வடிகட்டியைப் பூட்டி மெல்லத் திருப்ப, அந்த மினுமினுப்பு விலகி, இலையின் நரம்பு தெரியும் அடர்பச்சை வெளிப்படும். தானியங்கி முறையை நம்பும் எளிய கருவி இவ்விடங்களில் தவறும். கை தொட்ட மாத்திரத்தில் திருத்தும் வசதியுள்ள நடுத்தரக் கமராவே இங்கு உதவும்.

இரவிற் படம் பிடிப்போருக்கு மாசி மாதத்துக் காமன் கூத்தே பெருஞ்சோதனையும் பெரும்பேறும். ரதி, மன்மதன் வேடதாரிகள் தீப்பந்த வெளிச்சத்தில் ஆடிவருகையில் பிளாஷ் விளக்கை உபயோகித்தால் அந்தச் செவ்வொளி மாய்ந்துபோகும். ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200, துளை 1.8 வரை திறக்கும் மலிவான 50 மில்லிமீற்றர் வில்லை, விநாடியில் 60 இல் ஒரு பங்கு வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்தால், வேடதாரியின் வியர்வையும் அரிதாரமும் உள்ளபடியே பதியும். பிலிமில் இது சாத்தியமாயிருக்கவில்லை என்பதல்ல. தவறிய படத்தைக் கண்டறிய ஒரு கிழமை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதே வேறுபாடு.

பூச்சிகளை அண்மையில் நின்று படமெடுப்போருக்கு பூண்டுலோயா ஒரு விசேட பூமி. இவ்வூரின் ஈட்டன் தோட்டத்திலிருந்த எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன், பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளராக உயர்ந்தவர், இலங்கையின் செதிற்பூச்சிகளைப் பற்றி 1896 முதல் 1922 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட சித்திர நூலின் வாயிலாகவும், ஆராய்ச்சியாளர்களுக்கு அனுப்பிய மாதிரிகளின் வாயிலாகவும், பல பூச்சியினங்களின் முதற் பதிவிடமாக இவ்வூரின் பெயரை விஞ்ஞான ஏடுகளில் நிலைபெறச் செய்தார். அவர் கையால் வரைந்த உயிர்களை, அதே தேயிலைச் செடிகளின் இடையே நின்று, இயற்கை அளவில் சில்லின்மேல் பதிக்கும் மேக்ரோ வில்லையால் இன்றைய இளைஞர் படமெடுக்கக்கூடும். இத்துறையில் உழைப்பார் இன்னும் வேண்டும்.

இலங்கை அரசினதும் இந்திய அரசினதும் முயற்சியால் பூண்டுலோயாவின் டன்சினன் தோட்டத்தில் 404 வீடுகளைக் கொண்ட மகாத்மா காந்திபுரம் 2018 இல் கையளிக்கப்பட்டது. தனி வீடுகள் எழ எழ லயங்கள் மறையும், மறையவும் வேண்டும். ஆனால் இடிபடுமுன் அந்தக் காம்பரா என்னும் அறையை, அடுப்பங்கரையை, இஸ்தோப்பு என்னும் முன்திண்ணையை அவற்றில் வாழ்ந்தவரின் பிள்ளையே படமெடுத்து, நிற்பவர் இன்னார் என்று பெயரையும் எழுதிவைப்பது, கமெரன் அம்மையாரின் காலம் முதல் நேர்ந்த ஒரு குறையை நிவிர்த்தி செய்யும் காரியமாகும்.

கண்ணாடி இல்லாத கமராக்கள் 2008 இல் பனசொனிக் ஜி 1 உடன் தொடங்கி, 2018 இல் கெனனும் நிக்கோனும் தம் முழு அளவுச் சில்லு வகைகளை வெளியிட்டபின் மேலோங்கின. 2020க்குப் பின்னர் எஸ்எல்ஆர் வகையில் புதியன வருவது அரிதாயிற்று. 2022 இல் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த மாற்றுவிகிதம் 360 வரை சென்றமையால், புதுக்கமரா வாங்கும் எண்ணம் பலருக்குக் கைகூடாது போயிற்று. ஆதலால் மலைநாட்டில் பாவித்த நிக்கோன் டி 90, டி 7000, கெனன் 60 டி போன்றவற்றுக்கு இன்னும் பெறுமதி உண்டு. இவற்றின் சத்துரு காலமன்று, ஈரம்; காற்றில் ஈரப்பதன் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் வில்லைக்குள் பூஞ்சணம் படர்ந்து, சிலந்திவலை இழைகள்போல் கண்ணாடியை அரிக்கும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா மணிகளுடன் வைத்து, மணிகள் நீலம் மாறி இளஞ்சிவப்பானதும் இளஞ்சூட்டில் வறுத்து மீட்டுக்கொள்வது எளிய பாதுகாப்பு. டி 7000 இன் திரை 1,50,000 முறை இயங்குமாறு சோதிக்கப்பட்டது; பாவித்த கமராவை வாங்குவோர் அத்திரை இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதைக் கேட்டறிந்து, வில்லையைக் கைவிளக்கின் ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தபின்னரே பணத்தைக் கொடுத்தல் வேண்டும்.