இணைப்பை உருவாக்கும் அதிகாரம்: செயற்கை நுண்ணறிவு முகவர்களும் தரவுத்தளப் பாதுகாப்பும்

ஒரு தரவுத்தளத்தில் கேள்வி கேட்பதும், அதற்குப் புதிதாக ஓர் இணைப்பை ஏற்படுத்துவதும் ஒரே வகைச் செயல்கள் அல்ல. முன்னது, ஏற்கெனவே கிடைத்த அனுமதிக்குள் நடப்பது. பின்னது, எந்தச் சர்வர், எந்தப் பயனர், எவ்வளவு உரிமை என்று அனுமதியின் எல்லையையே வரைவது. முகவர்களுக்கான கருவிப் பட்டியலில் இவ்விரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிகளாக நிற்கலாம்; அதிகாரத்தில் அவை சமமாகா. இணைப்பை உருவாக்கும் கருவியை முகவருக்குத் தரலாம். கடவுச்சொல்லையும் சர்வர் முகவரியையும் அதன் கையில் விடக்கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முகவருக்குள் இருக்கும் மொழி மாதிரி எந்தச் சர்வரையும் நேரடியாகத் தொடுவதில்லை. கருவியின் பெயரையும் அதற்கான உள்ளீடுகளையும் எழுதித் தருகிறது. நிறைவேற்றுவது வேறொரு நிரல். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ இந்தப் பரிமாற்றத்துக்கு ஒரு பொது நெறிமுறை வகுத்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: மாதிரி தருவது முழுக்க முழுக்க எழுத்து. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் ஓர் இணைப்பு முகவரியைப் பாருங்கள். பயனர் பெயர், முக்காற்புள்ளி, கடவுச்சொல், ‘அட்’ குறி, சர்வர் பெயர், 5432 என்ற போர்ட் எண், தரவுத்தளப் பெயர் என எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிடும். அந்த வரியைக் கருவியின் உள்ளீடாக வைத்தால், கடவுச்சொல் உரையாடலில் பதியும். உரையாடல் சேமிக்கப்படும் பதிவேடுகளுக்கும் போகும். மாதிரியை இயக்கும் நிறுவனத்தின் கணினிகளையும் எட்டும். பிறகு அதை யார் யார் பார்த்தார்கள் என்று கண்டறிய வழியில்லை.

கட்டுப்பாடு எங்கே இருக்க வேண்டும் என்பதை 2025இல் வெளிவந்த ஒரு பிழை நன்றாகக் காட்டியது. அந்த நெறிமுறைக்கு எடுத்துக்காட்டாக வெளியிடப்பட்ட, போஸ்ட்கிரெஸுடன் பேசும் சர்வர், முகவர் அனுப்பும் ஒவ்வொரு கேள்வியையும் ‘படிக்க மட்டும்’ என்ற பரிவர்த்தனைக்குள் வைத்து இயக்கியது. பார்வைக்குப் பாதுகாப்பான ஏற்பாடுதான். ஆனால் ஒரே கேள்வியில் பல கட்டளைகளை அது ஏற்றுக்கொண்டது. முதலில் ‘கமிட்’ என்று எழுதினால் பரிவர்த்தனை அங்கேயே முடிந்துவிடும். அரைப்புள்ளிக்குப் பின் அட்டவணையை அழிக்கும் கட்டளை வந்தால், தடுக்க எதுவும் மிஞ்சாது. டேட்டாடாக் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தனர். இணைப்பு ஏற்படுத்தியபோதே, படிக்கும் உரிமை மட்டுமுள்ள ஒரு பயனரின் பெயரில் ஏற்படுத்தியிருந்தால் இந்தத் தந்திரம் பலித்திருக்காது. அழிக்கும் கட்டளையைத் தரவுத்தளமே மறுத்திருக்கும். ஆகவே பாதுகாப்பு பெரும்பாலும் தீர்மானமாவது கேள்வி ஓடும்போது அல்ல, இணைப்பு பிறக்கும்போது.

கணினி இயலில் இத்தகைய உரிமைச் சிக்கலுக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. ‘குழம்பிய பிரதிநிதி’ என்ற சிக்கலைப் பற்றிக் கணினி அறிஞர் நார்ம் ஹார்டி 1988இல் எழுதினார். கம்பைலர் ஒன்றுக்குத் தன் புள்ளிவிவரக் கோப்பை எழுதுவதற்காகக் கணினியின் ஒரு கோப்பகத்தில் எழுதும் உரிமை தரப்பட்டிருந்தது. வெளியீட்டை எங்கே எழுத வேண்டும் என்று கேட்டபோது, பயனர் ஒருவர் அதே கோப்பகத்திலிருந்த கட்டணக் கணக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தார். கம்பைலர் கணக்கின் மேலேயே எழுதிவிட்டது. உரிமை கம்பைலருடையது, விருப்பம் பயனருடையது. இரண்டும் ஒரே கையில் கலந்ததுதான் கோளாறு.

முகவரிடம் இந்தக் கலப்பு இன்னும் மோசம். அது படிக்கும் தரவே அதற்குக் கட்டளையாக மாறக்கூடும். வாடிக்கையாளர் எழுதிய ஒரு புகாருக்குள் ‘இந்தச் சர்வருடன் இணை’ என்ற வரி ஒளிந்திருக்கலாம். ரகசியத் தரவு, நம்பத்தகாத உரை, வெளியே அனுப்பும் வழி ஆகிய மூன்றும் ஒரே முகவரிடம் சேர்வது ஆபத்து என்று நிரலாளர் சைமன் வில்லிசன் 2025இல் எச்சரித்தார். இணைப்பை உருவாக்கும் கருவியின் தனிக் கேடு இங்கேதான் இருக்கிறது: மூன்றில் இரண்டை மட்டும் வைத்துத் தொடங்கிய முகவர், வேலையின் நடுவில் மூன்றாவதைத் தானே பெற்றுக்கொள்ள முடியும். சேமித்த கடவுச்சொல்லைப் பயன்படுத்தவும் சர்வர் பெயரை விருப்பம்போல் எழுதவும் முடிந்தால், அந்தக் கடவுச்சொல்லைத் திருடனின் சர்வருக்கே அது சமர்ப்பித்துவிடலாம்.

இவ்வளவு கெடுபிடி செய்தால் முகவரால் பயன் என்ன என்று நிரலாளர்கள் கேட்பது நியாயமே. ஆனால் கெடுபிடியால் வேலை நிற்பதில்லை. கூகுளின் தரவுத்தளக் கருவிப்பெட்டியில் இணைப்பு விவரங்களை நிரலாளர் ஓர் அமைப்புக் கோப்பில் எழுதிவைக்கிறார். முகவர் கருவியின் பெயரையும் கேள்விக்கான உள்ளீடுகளையும் மட்டும் சொல்கிறது. புதிய இணைப்பே தேவைப்பட்டாலும், முகவர் ஒரு பெயரோடு விண்ணப்பிக்கட்டும், மனிதர் ஒருவர் ஒப்புதல் தரட்டும். ஹாஷிகார்ப் வால்ட் போன்ற கடவுச்சொல் பெட்டகம், குறித்த நேரத்தில் காலாவதியாகும் பயனரைத் தரவுத்தளத்தில் உருவாக்கும். அந்தப் பயனரின் கடவுச்சொல்லைக் கருவி பெற்றுக்கொள்ளும், மாதிரிக்கு அது தெரியவேண்டியதில்லை. இணைப்புக்கும் காலவரம்பு வைக்க ஒரு நடைமுறைக் காரணம் உண்டு: போஸ்ட்கிரெஸ் வழக்கமாக 100 இணைப்புகளையே ஏற்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிச் செயல்முறை ஓடும். திறந்ததை மூடாத முகவர் மற்றவர்களின் வழியை அடைத்துவிடும்.

ஒரு நிரலுக்கு அதன் வேலைக்குத் தேவையான உரிமைக்கு மேல் தரக்கூடாது என்று கணினி அறிஞர்கள் சால்ட்ஸரும் ஷ்ரோடரும் 1975இலேயே எழுதிவிட்டார்கள். முகவருக்குக் கருவி எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் கருவியின் உள்ளீட்டுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் கடவுச்சொல்லுக்கு ஓர் இடம் இருந்தால், முதலில் அதை நீக்குங்கள்.