நோன்பும் வாழ்க்கைத் துணையும்: காந்தியடிகள் இல்லறம் உணர்த்துவது

சமண அறம் துறவியர்க்கு மகாவிரதங்களையும் சாவகர்க்கு அணுவிரதங்களையும் வகுத்துள்ளது. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரமசரியம், மிகுபொருள் விரும்பாமை ஆகிய ஐந்தும் இருசாரார்க்கும் பொதுவாயினும் அவற்றின் அளவு வேறு. இல்லறத்தானுக்குப் பிரமசரியமாவது தன் மனைவியோடு நிறைவு கொள்ளுதலே. இல்லத்தில் இருந்துகொண்டே துறவியின் நோன்பை ஒருவர் மேற்கொள்ள விழைந்தால், அச்சுமையில் ஒரு பங்கு துணைவர்மீதும் ஏறுகிறது. இதற்கு அண்மைக்கால வரலாறு தரும் தெளிவான சான்று காந்தியடிகள், கஸ்தூர்பா அம்மையார் இல்லறமாகும்.

1891-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தியடிகள், பம்பாயில் ஸ்ரீமத் ராஜசந்திரரைச் சந்தித்தார். அவர் அணிமணி வணிகர், சதாவதானி, சமண மெய்ந்நூல்களில் தோய்ந்தவர். ஒருமுறை காந்தியடிகள், ஆங்கிலப் பிரதமர் கிளாட்ஸ்டனுக்கு அவர் மனைவி அன்போடு தேநீர் அளித்துப் பணிபுரிந்ததைப் புகழ்ந்தார். அதே பணியை உறவேதுமற்ற ஓர் ஊழியர் செய்திருப்பின் அது இன்னும் உயர்ந்ததன்றோ என வினவினார் ராஜசந்திரர். அவ்வினா முதலில் கடுமையாகத் தோன்றினும், காந்தியடிகளின் உள்ளத்தில் பிரமசரிய எண்ணத்தை விதைத்தது. ராஜசந்திரர் 1901-இல், 33 வயதில் மறைந்தார்.

அதே 1901-இல் மிகுபொருள் விரும்பாமை இவ்வில்லறத்தைச் சோதித்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பும் வேளையில் இந்தியச் சமூகத்தார் பொன்னும் மணியும் பரிசளித்தனர். அவற்றுள் அம்மையாருக்கென அளித்த 50 கினி மதிப்புள்ள பொன் கழுத்தணியும் ஒன்று. பொதுத்தொண்டுக்குக் கைம்மாறு கொள்ளலாகாது என இரவெல்லாம் சிந்தித்துத் துணிந்த காந்தியடிகள், முதலில் பிள்ளைகளை இசையச் செய்தார். அதன் பின்னரே மனைவியிடம் பேசினார். அம்மையார் கண்ணீரோடு வாதிட்டார். நாளை வரும் மருமகள்களுக்கு என்ன அணிவிப்பது என்றார். கணவரின் தொண்டுக்காக இரவு பகலாகத் தாம் உழைத்ததும் தொண்டே அன்றோ என்றார். இறுதியில் அணிகள் அறநிதியாயின. அம்மையாரின் இசைவை ஒருவாறு வற்புறுத்தியே பெற்றதாகக் காந்தியடிகளே தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

1906-இல் சூலூப் போரில் காயமுற்றோர்க்குப் பணிபுரிந்தபோது, வாழ்நாள் முழுமைக்கும் பிரமசரியம் காப்பதென்னும் உறுதி அவர் உள்ளத்தில் முதிர்ந்தது. அப்போது அவர்களுக்கு நான்கு புதல்வர்கள். பீனிக்ஸ் குடியிருப்பை அடைந்ததும் இதனை உடன்பணியாளர்களோடு கலந்து பேசினார். மனைவியிடம் உரைத்தது விரதம் ஏற்கும் தறுவாயில்தான். அம்மையார் மறுப்புரைக்கவில்லை. ஆயினும் மறுக்காமை வேறு, தொடக்கத்திலிருந்தே கலந்து முடிவெடுத்தல் வேறு. கழுத்தணியின் நிகழ்விலும் விரதத்தின் நிகழ்விலும் மனைவியின் செவிக்குச் செய்தி கடைசியாகவே எட்டியது.

அம்மையாரிடம் உறுதி இல்லாமலில்லை. டர்பனில் அறுவை மருத்துவத்திற்குப்பின் நலிந்து கிடந்தபோது மாட்டிறைச்சிச் சாறு பருகவேண்டும் என்றார் மருத்துவர். உயிரே போயினும் அதனை ஏற்கேன் என அம்மையார் மறுத்தார். கணவர் இட்ட கட்டளையால் விளைந்ததன்று அவ்வுறுதி. அவர் தாமே தேர்ந்த கொல்லாமை நெறி அது. தாமே தேர்ந்த நோன்பில் அவரிடம் தயக்கம் சிறிதும் காணப்படவில்லை என்பது கருதத்தக்கது.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். பொன்னூர் மலையில் திருவடி வழிபாடு பெறும் குந்தகுந்த ஆசாரியர், துறவு பூண விழைபவர் சுற்றத்தாரிடம் விடைபெற்று, பெரியோரும் மனைவியும் மக்களும் விடுவித்த பின்னரே ஆசிரியரை அடைதல் வேண்டும் எனப் பிரவசனசாரத்தில் வகுத்துள்ளார். வீடுபேற்றை நாடுவோனும் வீட்டாரின் இசைவைப் பெற்றே புறப்படவேண்டும் என்பது இதன் கருத்து.

60 ஆண்டுக்கும் மேற்பட்ட அவ்வில்லறம், 1944 பிப்ரவரி 22-இல் பூனா ஆகாகான் மாளிகைச் சிறையில், கணவர் மடியில் அம்மையார் உயிர்நீத்தபோது முடிவுற்றது. அத்துணை வலிய பிணைப்பையும் நோன்பு வருத்தியதெனில், நம் இல்லங்களைச் சொல்ல வேண்டுவதில்லை. உண்ணாநோன்போ, தலயாத்திரையோ, பெருங்கொடையோ, எதனை ஏற்க எண்ணினும் முதற்சொல்லை வாழ்க்கைத் துணையிடம் உரைப்போமாக. துணைவரின் மனத்தை நோகச் செய்யாமையும் கொல்லாமை நோன்பின் ஒரு கூறேயாகும்.