நான்கு சில்லுகளுக்கும் விசை பகிர்ந்த பெட்டி

மோட்டார் வண்டி தோன்றிய காலந்தொட்டுச் சேறும் மணலும் அதற்குப் பகையாகவே இருந்து வந்துள்ளன. பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினின் விசை இரண்டு சில்லுகளுக்கே சென்றது. அவை வழுக்கிச் சுழலத் தொடங்கினால், எஞ்சின் எத்துணை வலியதாயினும் வண்டி நகராது. நான்கு சில்லுகளும் நிலத்தை உந்துமாயின் இவ்விடர் பெரிதும் குறையும் என்பதைப் பொறியியலாளர் விரைவில் உணர்ந்தனர். ஒல்லாந்து நாட்டு ஸ்பைக்கர் கம்பனி 1903ஆம் ஆண்டிலேயே அத்தகைய கார் ஒன்றை அமைத்தது. ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துக் கிளின்ரன்வில் என்னும் சிற்றூரில், ஒற்றோ சக்கோ, வில்லியம் பெசர்டிக் என்னும் இருவர் 1908ஆம் ஆண்டளவில் இம்முயற்சியில் இறங்கினர். அவர்தம் கம்பனியின் லொறிகள் முதலாம் உலக யுத்தத்தில் இராணுவங்களுக்குப் பெரிதும் உதவின.

1940ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பிரான்ஸ் வீழ்ந்து ஒரு மாதமும் கழியாத வேளையில், அமெரிக்க இராணுவம் 135 கம்பனிகளுக்கு அழைப்பு விடுத்தது. வேண்டப்பட்டது நான்கு சில்லுகளும் உந்தும் ஓர் இலேசான வண்டி. முன்மாதிரியைக் கையளிக்கக் கொடுக்கப்பட்ட தவணையோ 49 நாள்களே. அத்தவணைக்கு உடன்பட்டது பான்ரம் என்னும் சிறு கம்பனி ஒன்றே. காள் புரோப்ஸ்ற் என்னும் பொறியியலாளர் படம் வரைந்தார்; செப்டெம்பர் 23ஆந் திகதி வண்டி இராணுவத்தின் கைக்குச் சென்றது. ஆயினும், வேண்டிய பெருந்தொகையை அச்சிறு கம்பனியாற் செய்ய இயலாது என இராணுவம் கருதியமையால், பெரும் உற்பத்தி வில்லிஸ், போர்ட் கம்பனிகளுக்கே கிடைத்தது. ஜீப் எனப் பெயர் பெற்ற அவ்வண்டிகள் யுத்தம் முடியுமுன் ஆறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன.

ஜீப்பின் கியர்ப் பெட்டிக்குப் பின்னே ஸ்பைசர் கம்பனியின் மற்றொரு பெட்டி பொருத்தப்பட்டிருந்தது. அதுவே ‘ரான்ஸ்பர் கேஸ்’. விசை பகிர் பெட்டி எனலாம். எஞ்சினிலிருந்து வரும் விசையை இதன் பற்சில்லுகள் பக்கமாக ஒரு தண்டுக்குக் கொண்டு செல்கின்றன. அங்கிருந்து அது பின் அச்சுக்கும், வேண்டும்போது முன் அச்சுக்கும் செல்கின்றது. சாரதியின் அருகே இதற்கென இரு நெம்புகோல்கள் இருந்தன. ஒன்று முன் அச்சை இணைக்கவும் விடுவிக்கவும் உதவும்; மற்றையது உயர்நிலை, தாழ்நிலை என மாற்றும். தாழ்நிலையில் வேகம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைய, உந்தும் வலிமை ஏறத்தாழ இருமடங்காகும். அவ்வலிமை முழுவதும் பின் அச்சின் மேலேயே விழாதிருக்கும் பொருட்டு, முன் அச்சை இணைத்த பின்னரே தாழ்நிலைக்கு மாற்றக் கூடியதாக அமைத்திருந்தனர்.

இத்துணை நன்மை செய்யும் இணைப்பைத் தார் வீதியில் விடுவித்துவிட வேண்டும். காரணம் யாதெனில், வளைவுகளில் முன் சில்லுகள் பின் சில்லுகளிலும் கூடிய தூரம் ஓடுகின்றன. பெட்டியோ இரு அச்சுகளையும் ஒரே வேகத்திற் சுழற்றுகின்றது. சேற்றிலே சில்லு சற்று வழுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக் கொள்ளும். கடினமான வீதியில் அதற்கு இடமில்லாமையால் தண்டுகள் முறுகும்; பற்சில்லுகளும் டயர்களும் தேயும்.

இக்குறையைத் தீர்க்கும் முயற்சி யுத்தத்தின் பின் தொடர்ந்தது. ஜீப் ஒன்றைத் தம் பண்ணையிற் பயன்படுத்திய மோரிஸ் வில்க்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலாளரின் எண்ணத்தில் உதித்த லான்ட் றோவர், 1948ஆம் ஆண்டு ஏப்ரலில் அம்ஸ்ரடாம் நகரிற் காட்சிக்கு வந்தது. 1970இல் வெளிவந்த றேஞ் றோவர் வண்டியிலோ, முன் பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்திற் சுழல இடமளிக்கும் டிபரன்சியல் ஒன்று நடுவிலே சேர்க்கப்பட்டது. அதனால் நான்கு சில்லுகளும் தார் வீதியிலும் எப்பொழுதும் உந்தலாயின. சேற்றில் வேண்டும்போது அதனைப் பூட்டிக் கொள்ளவும் முடிந்தது. இறுகப் பிணைக்க வேண்டிய இடமும் தளர்த்திவிட வேண்டிய இடமும் வேறு என்பதை இப்பெட்டியின் வரலாறு காட்டுகின்றது.