லயத்துச் சுவரும் பூஞ்சணமும்: சப்பிரகமுவத் தோட்டங்களின் வீடமைப்பு வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள பெருந்தோட்டங்களைப் பற்றி எழுதுவோர் இரு செய்திகளைத் தவறாது குறிப்பிடுவர். ஒன்று, அங்கு பெய்யும் மழை. மற்றையது, அங்கு விளையும் இறப்பரும் தாழ்நிலத் தேயிலையும். இவ்விரண்டுக்குமிடையே மூன்றாவது பொருளொன்று உண்டு. அது, அம்மழையில் நனைந்து அவ்விளைபொருட்களை ஆக்கித் தரும் மக்கள் உறங்கியெழும் வீட்டின் சுவர். அச்சுவரில் ஆண்டுதோறும் கரும்பச்சையாகப் படரும் பூஞ்சணம் வரலாற்றாய்வுக்குரிய பொருளாகுமா என்ற வினா எழலாம். ஆகும் என்பதே எமது துணிபு. அதனை நிறுவுவதும், அதன்வழி, பூஞ்சணத்தை முறையாக அகற்றுவது எங்ஙனம் என்ற நடைமுறை வினாவுக்கு விடை காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பூஞ்சணம் என்பது பங்கசு வகைகள் சிலவற்றுக்கு மக்கள் வழக்கிலுள்ள பெயர். அவற்றின் வித்திகள் கண்ணுக்குப் புலனாகாதவாறு காற்றில் எங்கும் பரந்துள்ளன. தோட்டத்துரையின் பங்களாவிலும் அவை உண்டு. லயத்துக் காம்பராவிலும் உண்டு. ஓரிடத்தில் அவை முளையாமைக்கும் மற்றோரிடத்தில் தழைப்பதற்கும் காரணம் வித்தியன்று, ஈரமேயாகும். நனைந்த பரப்பு ஓரிரு நாட்களுள் உலராதுவிடின் வித்தி முளைக்கத் தொடங்கும். சுண்ணாம்பிலும் சீமெந்திலும் அதற்கு உணவு அரிது. ஆயினும் சுவரிற் படியும் தூசியும் அடுப்பெண்ணெய்ப் பிசுக்கும், சுவரோடொட்டிய மரமும் காகிதமும் துணியும் அதற்குப் போதுமானவை. எனவே பூஞ்சணத்தின் வரலாறு சாராம்சத்தில் ஈரத்தின் வரலாறாகும். ஈரத்தின் வரலாறோ, வீட்டை யார், யாருக்காக, எவ்வளவு செலவிற் கட்டினர் என்பதன் வரலாறாகும்.

2

கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பெரும்பாலும் அறுவடைக்காலத்தில் வந்து மீள்வோராயிருந்தனர். தேயிலையும் இறப்பரும் ஆண்டு முழுவதும் உழைப்பை வேண்டின. ஆதலால் தொழிலாளரைத் தோட்டத்திலேயே நிலைநிறுத்த வேண்டியதாயிற்று. நிரைநிரையாக ஒரே கூரையின் கீழ் அமைந்த லயங்கள் இத்தேவையின் விளைவுகளாகும். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒரு காம்பரா, முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, தகரக் கூரை என்பன அவற்றின் பொது வடிவம். இரட்டை லயங்களில் இரு நிரைகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. பின்சுவரிற் சன்னல் வைக்க இடமில்லை. ஒரு பக்கத்தாற் புகுந்த காற்று மறுபக்கத்தால் வெளியேற வழியுமில்லை.

சப்பிரகமுவவின் இயற்கை அமைப்பு இக்குறைபாட்டை மேலும் தீவிரப்படுத்திற்று. இரத்தினபுரியின் சராசரி ஆண்டு மழைவீழ்ச்சி 3,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பகுதிகளும் ஈரவலயத்தின் உட்கிடையானவை. பயிருக்குரிய நல்ல நிலத்தைப் பயிருக்கு விட்டு, சரிவை வெட்டிக் கட்டிய லயத்தின் பின்புறம் மண்மேட்டை அண்டி நிற்கும். மேட்டிலிருந்து கசியும் நீர் சுவரினூடாக உட்புகும். பழைய லயங்கள் பலவற்றின் அத்திவாரத்தில் ஈரந்தடுக்கும் படை கிடையாது. எனவே நிலத்து நீர் கல்லினூடாக மேலேறும். ஆணித்துளை பெருத்த தகரம் மேலிருந்து ஒழுகும். உள்ளே, ஈர விறகு எரியும் அடுப்பும், மழைநாளில் காம்பராவுக்குள்ளேயே உலர்த்தப்படும் துணிகளும், பலர் ஒருங்கே உறங்கும் மூச்சும் வெளியிடும் நீராவி குளிர்ந்த சுவரில் ஒடுங்கும். இங்ஙனம் நாற்றிசையாலும் நீர் வந்தடையும் சுவரை ஒரு தனிக்குடும்பத்தின் துடைப்பம் உலர்த்திவிடும் என எதிர்பார்ப்பது பேதைமை.

தொழில்முறையும் இதற்கு உடந்தையாயிற்று. கணவனும் மனைவியும் விடியலிற் பிரட்டுக்குச் சென்றபின், மாலைவரை காம்பரா பூட்டிக் கிடக்கும். வெயில் எறிக்கும் வேளையிற் கதவு திறந்திராது. கதவு திறக்கும் வேளையில் வெயில் இராது. இறப்பர்த் தோட்டங்களில் மழை பெய்தால் பால்வெட்டு நிற்கும். நாட்கூலி பெறுவோருக்கு வருமானமும் குறையும். ஆகவே சுவர் மிகுதியாக நனையும் மாதங்களே அதனைச் செப்பனிடக் கையிற் காசில்லாத மாதங்களுமாகும். இயற்கை நிகழ்ச்சிபோலத் தோன்றும் ஒன்றினுள் உற்பத்தி உறவுகள் எவ்வாறு கலந்துள்ளன என்பதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

3

பெருந்தோட்ட முதலாளித்துவம் பங்கசைப் பற்றி அறியாமலிருந்தது என எவரும் கருதற்க. இலங்கையின் பொருளாதார வரலாற்றையே மாற்றியமைத்தது ஒரு பங்கசுதான். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிற் கண்டறியப்பட்ட கோப்பி இலைத் துருநோய், இருபதாண்டுகளுக்குள் கோப்பியை ஏறக்குறைய அழித்தொழித்தது. அதனை ஆராயவென 1880ஆம் ஆண்டில் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலறிஞர் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டார். 1905ஆம் ஆண்டு முதல் பேராதனையிற் பங்கசு ஆய்வாளராகக் கடமையாற்றிய தொம் பெட்ச், இறப்பரினதும் தேயிலையினதும் நோய்கள் பற்றித் தனித்தனி நூல்கள் எழுதினார். 1925ஆம் ஆண்டில் இறப்பரிலையைத் தாக்கும் வெண்தூள் நோய் இலங்கையில் அறியப்பட்டபோது கந்தகத் தூளைத் தூவும் முறை வகுக்கப்பட்டது. 1946ஆம் ஆண்டில் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தபோது செப்புச் சேர்வைகள் தெளிக்கப்பட்டன. இலையைத் தின்னும் பங்கசுக்கு ஆய்வுகூடமும் நிபுணரும் நிதியும் விரைந்து கிடைத்தன.

எமது பொருளுக்கு இன்னும் நெருக்கமான சான்று இறப்பர்த் தாள்களாகும். உறையவைத்து உருட்டிய தாள் ஈரமாயிருப்பின் அதிற் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த தாள் சந்தையிற் தரம் இறங்கும், விலையும் இறங்கும். இதனைத் தடுக்கத் தோட்டங்கள் செய்தவை யாவை? தாள்களை நன்கு கழுவி நீரை வடியவிட்டன. பாரா நைற்றோபீனோல் கரைசலைப் பயன்படுத்தின. காற்றோட்டமும் கூரைத் திறப்பும் கொண்ட புகையறையில் ஏறத்தாழ 50 முதல் 60 பாகை செல்சியசு வெப்பத்திற் பல நாட்கள் தொங்கவிட்டு உலர்த்தின. பின்னர் ஈரமற்ற தளத்தில் அடுக்கின. தேயிலைத் தொழிற்சாலையிலும் இதே விவேகம் செயற்பட்டது. கொழுந்து வாட்டும் மாடிக்குக் காற்று வேண்டுமென்பதும், முடிந்த தூளில் ஈரம் ஏறத்தாழ 3 சதவீதத்துக்கு மேற்படலாகாதென்பதும் துரைமார் நன்கறிந்தவை.

ஆக, நீரை வடியவிடு, காற்றைச் செலுத்து, உலர்த்து, உலர்ந்ததை ஈரத்தினின்று விலக்கி வை என்னும் பூஞ்சணத் தடுப்பின் நான்கு விதிகளும் தோட்டத்தின் ஒரு கட்டடத்தில் நாள்தோறும் கடைப்பிடிக்கப்பட்டன. அக்கட்டடத்திலிருந்து சில நூறு யார் தூரத்திலிருந்த லயத்துக்கு அவ்விதிகள் செல்லவில்லை. அறிவின்மை இதற்குக் காரணமன்று. தாள் ஒரு பண்டம். அதன் சேதம் கணக்குப் புத்தகத்தில் நட்டமாகப் பதிவாகும். தொழிலாளியின் இருமல் அங்ஙனம் பதிவாவதில்லை. 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டங்கள் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்தையும் வசிப்பிடச் சுகாதாரத்தையும் சட்டத்தின் வரம்பினுட் கொணர்ந்தது உண்மையே. ஆயினும் வெள்ளையடிப்பது எளிது. இரட்டை லயத்தை உடைத்து இரு பக்கமும் சன்னல் வைத்துக் கட்டுவது செலவு மிக்கது. முதலாவது நடந்தது, இரண்டாவது தலைமுறை தலைமுறையாகப் பின்போடப்பட்டது.

4

இந்நிலையை மாற்றக் கோரும் அரசியல் வலு இம்மக்களுக்கு இருந்ததா? 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியபோது, சூரியமல் இயக்கத்தினர் அங்கு நிவாரணப் பணி புரிந்தனர். நோய் ஒரு சமூகப் பிரச்சினை என்னும் உணர்வு அங்கு அரசியலாக வடிவெடுத்தது. 1936ஆம் ஆண்டில் என். எம். பெரேரா ருவன்வெல்லைத் தொகுதியில் வெற்றிபெற்றமையை இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும். ஆனால் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. வாக்கற்றவரின் ஒழுகுகூரைக்காக எந்தப் பிரதிநிதியும் வாக்கிழக்கப் போவதில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் எவர் இருப்பார், எவர் கப்பலேறுவார் என்பதே நிச்சயமற்றிருந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992ஆம் ஆண்டில் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. சிங்களக் கிராமங்களினிடையே சிதறிக் கிடக்கும் இத்தோட்டங்களின் மக்கள் 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் உயிரும் உடைமையும் இழந்தனர். உடைமையாளர் மாறினர், காம்பராவின் உரிமை மட்டும் அதில் வாழ்வோர் கைக்கு வரவில்லை.

உரிமையில்லாதவிடத்துப் பழி மட்டும் வந்து சேரும் என்பது வர்க்க சமுதாயத்தின் விதி. பூஞ்சணத்துக்குக் காரணம் தொழிலாளரின் “துப்புரவின்மை” என்னும் கருத்து நெடுங்காலம் வழங்கிவருகிறது. இக்கருத்துநிலை எமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1845ஆம் ஆண்டில் எங்கெல்ஸ் மான்செஸ்டர்த் தொழிலாளரின் ஈர நிலவறைகளை விவரித்தார். அதே நகரை அடுத்த ரொச்டேலில், 2020ஆம் ஆண்டு டிசெம்பரில், பூஞ்சணம் படர்ந்த வாடகை வீட்டில் வாழ்ந்த இரு வயதுக் குழந்தையொன்று இறந்தது. பெற்றோரின் முறைப்பாடுகளுக்கு, அவர்களது வாழ்க்கைமுறையே காரணமெனப் பதிலிறுக்கப்பட்டிருந்தது. 2022ஆம் ஆண்டு மரண விசாரணை, வீட்டின் பூஞ்சணமே மரணத்துக்குக் காரணமெனக் கண்டது. 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த காலத்துள் நீக்கும் கடமையை வீட்டின் சமூக உடைமையாளர்மேல் சுமத்த வழிசெய்தது. குற்றம் குடியிருப்போரிடமிருந்து கட்டடத்துக்கு மாறியமையே அச்சட்டத்தின் சாரம்.

5

இனி, நடைமுறை வினாவுக்கு வருவோம். பூஞ்சணத்தை அகற்றுவதில் முதற்பணி நீர் வரும் வழியைக் கண்டறிவதாகும். கறை கூரையோரத்திலிருந்து இறங்குமாயின் ஒழுக்கு. நிலத்திலிருந்து மேலேறுமாயின் அத்திவார ஈரம். பின்சுவர் முழுதும் பரவுமாயின் மேட்டுக் கசிவு. மூலைகளிலும் அலுமாரிக்குப் பின்னும் மட்டும் தோன்றுமாயின் நீராவி ஒடுக்கம். தகரத்தை மாற்றுதல், பீலியும் வடிகாலும் அமைத்தல், பின்சுவரை அண்டிய மண்ணை வெட்டி விலக்கிக் கான் இடுதல், எதிரெதிராகக் காற்றுவழி திறத்தல், அடுப்புக்குப் புகைபோக்கி வைத்தல் ஆகியனவே உண்மையான பூஞ்சணநீக்கிகள். மேட்டை வெட்டுமுன் மண்சரிவு ஆபத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையோடு அறிதல் வேண்டும். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் புளத்கொகுபிட்டியவில் மண்சரிவு லயத்தின்மீது வீழ்ந்ததை நாம் மறத்தலாகாது. சுவரை நனைக்கும் நீரும் மலையைச் சரிக்கும் நீரும் ஒன்றே.

ஈரவழி அடைபட்ட பின்னரே துப்புரவு பயன்தரும். மூக்கையும் வாயையும் மூடி, கையுறை அணிந்து, கதவு சன்னல்களைத் திறந்துவைத்து, சவர்க்கார நீராற் சுவரைத் தேய்த்துக் கழுவி, முற்றாக உலரவிட வேண்டும். உலர்ந்த பூஞ்சணத்தைத் துடைப்பத்தாற் தட்டினால் வித்திகள் அறையெங்கும் பரவும். ஆஸ்துமாவுள்ளோரும் குழந்தைகளும் அவ்வேளை அங்கிருத்தல் ஆகாது. வெளிற்றும் நீர் கறையை மறைக்கும். நுண்டுளை கொண்ட சாந்தின் உள்ளிருப்பதை அது பெரும்பாலும் எட்டாது. அதனை அமிலத்தோடோ அமோனியாவோடோ கலத்தல் நச்சுவாயுவை உண்டாக்கும். ஊறிப்போன பாயும் பஞ்சும் காகித மட்டையும் கழுவித் தேறா; அகற்றப்படவேண்டியவை. அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. ஈரச்சுவரின்மேல் எண்ணெய் வர்ணமோ தடித்த சீமெந்துப் பூச்சோ இடுவது ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தும். சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடுவதோடு, தன் காரத்தன்மையாற் சில காலம் பூஞ்சணத்தையும் தடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, ஈரமும் பூஞ்சணமும் கொண்ட வீடுகளில் ஆஸ்துமாவும் சுவாச நோய்களும் மிகுவதைச் சுட்டி, பாதுகாப்பான அளவொன்றை வரையறுக்க இயலாதெனவும் ஈரத்தைத் தடுப்பதே வழியெனவும் கூறியது.

மேற்கூறியவற்றுட் சவர்க்காரமும் துணியும் தொழிலாளியின் கைக்கு எட்டுபவை. கூரை, கான், சன்னல், அத்திவாரம் ஆகியவை உடைமையாளரின் கையிலுள்ளவை. தன்னதல்லாத சுவரில் ஒரு துளை இடவும் உரிமையற்ற பெண்ணிடம், பகல்முழுதும் உழைத்த பின்னர் சுவரைக் கழுவுமாறு போதிப்பது சுகாதாரக் கல்வியாகாது. ஊதியமற்ற உழைப்பொன்றை அவள்மேற் சுமத்துவதேயாகும். அண்மைக் காலத்தில் 7 பேர்ச் காணியோடு தனிவீடு வழங்கும் திட்டங்கள் தோன்றியுள்ளமை வரவேற்கத்தக்கது. ஆயினும் காணியுறுதியும் வடிகாலும் காற்றுவழியும் ஒருங்கே கிடையாதவிடத்துப் புதிய வீடும் சில மழைக்காலங்களில் பழைய லயமாகிவிடும்.

மலையக இலக்கியத்தை ஆராயும் எம்போன்றோருக்கும் இதில் ஒரு பாடமுண்டு. ஈரச்சுவரும் ஒழுகும் கூரையும் மலையகக் கதைகளில் மீண்டும் மீண்டும் வருவதை நாம் வறுமையின் குறியீடு என்றோ பின்னணி வருணனை என்றோ கடந்து சென்றோம். அவை குறியீடுகளல்ல, ஒரு வர்க்கத்தின் செலவுக் கணக்கில் வேண்டுமென்றே விடப்பட்ட பத்திகள். இறப்பர்த் தாளுக்குப் பூஞ்சணம் பிடியாமற் காக்கத் தெரிந்த தோட்டம், அத்தாளை ஆக்கியவரின் குழந்தையின் பாயையும் காக்கத் தெரிந்தே இருந்தது. அந்த அறிவைப் புகையறையிலிருந்து காம்பராவுக்குக் கொண்டுவருவது தொழிற்சங்கங்களினதும் உள்ளூராட்சி மன்றங்களினதும் கோரிக்கைப் பட்டியலில், கூலி உயர்வுக்கு அடுத்த வரியில் இடம்பெறவேண்டிய கடமையாகும்.