கேஷ் யார் வீட்டுப் பிள்ளை?



"மொழி உறவைக் காட்டுவது ஒலியே" என்று எதிரணி நண்பர் அடித்துப் பேசினார். "பேங்க்கிலே கேஷ்னு போர்டு போட்டிருக்கே, அது நம்ம காசுதான்!" என்றார். நீங்க கை தட்டினீங்க. உண்மையைச் சொல்றேன், நானும் தட்டினேன். ஏன்னா, இதையேதான் என் தாத்தாவும் சொல்லுவார்.

தாத்தாவுக்கு மளிகைக் கடை. கல்லாப்பெட்டியிலே ஒரு பழைய செப்புக்காசு வைத்திருந்தார். 1808 என்று வருஷம். ரோமன் எண்ணிலே இருபது; பக்கத்திலே ஆங்கிலத்திலே 'கேஷ்'. "பாத்தியாடா, வெள்ளைக்காரன் நம்ம சொல்லையும் தூக்கிட்டுப் போயிட்டான்!" என்பார்.

அதை அப்படியே பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலே முழங்கினேன். நடுவராக வந்த தமிழாசிரியர், "தம்பி, பேங்க்கிலே இருக்கிற கேஷா, தாத்தா காசிலே இருக்கிற கேஷா? ரெண்டும் ஒண்ணுதானா?" என்று கேட்டார். நான் திருதிருன்னு முழிச்சேன். (சிரிப்பு) பரிசும் போச்சு.

அப்புறம்தான் அகராதியைப் பிரித்தேன். ஆங்கிலத்திலே கேஷ் என்று இரண்டு தனித்தனிச் சொற்கள்! எழுத்து நாலும் அதே எழுத்து. பேங்க் கேஷுக்கு மூலம் லத்தீன். 'காப்சா' என்றால் பெட்டி. அது இத்தாலியிலே 'காஸ்ஸா' ஆகி, பிரெஞ்சு வழியாக, 16ஆம் நூற்றாண்டின் முடிவிலே இங்கிலாந்துக்கு வந்தது. முதலில் அதற்குப் பணப்பெட்டி என்றுதான் பொருள். பிறகு பெட்டியிலே இருந்த பணத்துக்கும் அதே பேர் வந்தது. அதாவது, கல்லாப்பெட்டிதான் கேஷ்! (கைதட்டல்)

இன்னொரு கேஷ் நம்ம காசு. போர்ச்சுகீசியர் வாயிலே அது 'கைஷா' ஆனது. அவங்க மொழியிலே பெட்டிக்கும் அதே பேர்தான்! அங்கிருந்து வாங்கிய ஆங்கிலேயர் கேஷ் என்று எழுதினார்கள். கம்பெனியாரின் சென்னைக் கணக்கிலே 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். தாத்தா வைத்திருந்தது சென்னை மாகாணத்துக்காகப் பர்மிங்ஹாமிலே அடித்த காசு. அதுமட்டுமா? சீனாவிலே நடுவில் சதுர ஓட்டை போட்ட செப்புக்காசுக்கும் ஆங்கிலேயர் இந்தப் பேரையே வைத்தார்கள்.

நடுவர் அவர்களே! தாத்தா சொன்னது அவர் காசுக்குச் சரி, பேங்க் போர்டுக்குத் தப்பு. ஒலியை மட்டும் கேட்டிருந்தா இந்த வித்தியாசம் தெரிந்திருக்குமா? அந்தப் பேச்சுப் போட்டியிலே நான் சொன்ன பாதி உண்மையும், மீதிப் பொய்யோடு சேர்ந்து தோத்துப் போச்சு. நம்ம காசு சீனா வரைக்கும் போயிருக்கு. சொந்த நகை இவ்வளவு இருக்கும்போது இரவல் நகை எதுக்கு?

எனவே, மொழி உறவைக் காட்டுவது வரலாறே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)