அப்பலாச்சியப் பாதை வேகச் சாதனை

அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மலைத்தொடரை ஒட்டிச் செல்லும் அப்பலாச்சியப் பாதையை, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மிகக் குறைந்த நேரத்தில் கால்நடையாகக் கடந்து முடிப்பதே அப்பலாச்சியப் பாதை வேகச் சாதனை. இதற்குப் போட்டி நாள் கிடையாது; முயல்பவர் தனக்கு முன் கடந்தவரின் நேரத்தோடு மோதுகிறார். துணைக்குழுவுடன் செய்யும் முயற்சியில் ஏட்டில் ஏறுவது ஒருவர் பெயர்தான் என்றாலும், அந்த நேரத்தை நிமிடம் நிமிடமாக மிச்சம் பிடித்துத் தருவது குழுவே.

பாதை

ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையையும் மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையையும் இணைக்கும் இப்பாதை, 14 மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கி.மீ. நீள்கிறது. பெண்டன் மெக்கே 1921இல் முன்வைத்த யோசனை, 1937இல் முழுப் பாதையாக உருப்பெற்றது. மரங்களிலும் பாறைகளிலும் தீட்டப்பட்ட வெள்ளைப் பட்டைகள் வழி காட்டுகின்றன.

பென்சில்வேனியாவில் கூர்கற்கள் பாதத்தைப் பதம் பார்க்கும். நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில் செங்குத்தான ஏற்ற இறக்கங்கள் காத்திருக்கும். மெய்னில் உள்ள மஹூசக் கணவாயில் சுமார் 1.6 கி.மீ. தூரத்துக்குப் பெரும்பாறைகளின் மேலும் அடியிலும் தவழ்ந்தே போக வேண்டும். அதே மாநிலத்தின் கென்னபெக் ஆற்றைப் படகில் கடப்பதே முறையான வழி. படகு ஓடும் நேரத்துக்குள் கரைக்கு வந்து சேர வேண்டும்.

வடக்கிலிருந்து தொடங்குபவர் கடினமான பகுதிகளைப் புதுத் தெம்போடு கடந்துவிடுகிறார். தெற்கிலிருந்து தொடங்குபவர் உடலைப் படிப்படியாகப் பழக்கிக்கொண்டு அவற்றை எதிர்கொள்கிறார்.

வகைகள்

நெடும்பாதைச் சாதனைகள் மூன்று வகைப்படும். துணைக்குழுவுடன் செல்பவர் வழியெங்கும் தம் குழுவின் உதவியைப் பெறலாம். தற்சார்பு வகையில் வழியிலுள்ள ஊர்க் கடைகளிலும் அஞ்சலகங்களிலும் பொருள் பெறலாம். தனக்கென்று குழு வைத்துக்கொள்ளக் கூடாது. துணையற்ற வகையில் தொடக்கத்திலேயே உணவு முழுவதையும் சுமந்து செல்ல வேண்டும். எந்த வகையானாலும், கென்னபெக் படகுப் பயணம் தவிர, பாதை முழுவதையும் சொந்தக் காலால் கடக்க வேண்டும். உறங்கவோ உண்ணவோ பாதையை விட்டு விலகினால், விலகிய இடத்துக்கே திரும்பி வந்து தொடர வேண்டும். முன்பு நாட்குறிப்பும் நேர்மையும்தான் சான்று. இப்போது ஜிபிஎஸ் பதிவும் தேவைப்படுகிறது.

துணைக்குழு

பாதை சாலையைக் குறுக்கிடும் இடங்களே குழுவின் களம். வேனின் பின்கதவைத் திறந்து, மடக்கு நாற்காலியை விரித்து வைத்துக் காத்திருப்பார்கள். வந்தவர் உட்கார்ந்ததும் ஒருவர் ஈரக் காலுறையை உருவி, பாதத்தைத் துடைத்து, கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பார். இன்னொருவர் தண்ணீர்ப் பையை நிரப்புவார். அடுத்த சாலை எவ்வளவு தூரம், இடையில் எத்தனை ஏற்றம், மழை வருமா என்று மற்றொருவர் சொல்வார். சில நிமிடங்களில், கையில் உணவோடு நடப்பவர் மறுபடி காட்டுக்குள் நுழைந்துவிடுவார். குழு வண்டியைக் கிளப்பி, மலையைச் சுற்றிக்கொண்டு அடுத்த சந்திப்புக்கு விரைய வேண்டும். பல இடங்களில் கைபேசிச் சமிக்ஞை கிடைக்காது. வேன் வழி தவறினால் பசியோடும் தாகத்தோடும் நிற்பது நடப்பவர்தான்.

சாதனை வரலாறு

டேவிட் ஹார்ட்டன் 1991இல் 52 நாள் 9 மணி நேரத்தில் பாதையைக் கடந்தார். ஆண்ட்ரூ தாம்சன் 2005இல் சாதனை நேரத்தை 47 நாள் 13 மணி 31 நிமிடமாகக் குறைத்தார். 2011இல் ஜெனிஃபர் ஃபார் டேவிஸ், தம் கணவரின் துணையோடு 46 நாள் 11 மணி 20 நிமிடத்தில் ஸ்பிரிங்கரை அடைந்தார். பெரும்பாலும் ஓடாமல், விடியுமுன் கிளம்பி இருட்டிய பின்னும் நடந்தே சாதித்தவர் அவர். ஆண் பெண் இருபாலருக்குமான ஒட்டுமொத்தச் சாதனையும் அவருடையதாயிற்று.

2015இல் ஸ்காட் ஜூரெக், தம் மனைவியின் துணையோடு 46 நாள் 8 மணி 7 நிமிடத்தில் கட்டாடின் உச்சியைத் தொட்டார். டேவிஸுக்கும் ஜூரெக்குக்கும் இடையே 3 மணி 13 நிமிடமே வித்தியாசம். நாள்கணக்கில் பகிர்ந்தால் தினமும் 4 நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரு காலுறை மாற்றும் நேரம். சாலையோர நாற்காலியில் குழுவின் கைகள் எவ்வளவு விரைவாக இயங்குகின்றன என்பது ஏன் முக்கியம் என்பதை இந்தக் கணக்கே சொல்கிறது.

2016இல் கார்ல் மெல்ட்சர், முன்னர் இருமுறை முயன்று தவறியபின், 45 நாள் 22 மணி 38 நிமிடத்தில் வென்றார். பெல்ஜியத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் காரெல் சாபே 2018இல் 41 நாள் 7 மணி 39 நிமிடத்தில் முடித்து, நான்கு நாளுக்கு மேல் குறைத்தார். 2024இல் டாரா டவர், நாளொன்றுக்குச் சராசரியாக 86 கி.மீ. கடந்து 41 நாளுக்குள் முடித்தார். அவருடைய தாயும் துணைக்குழுவில் இருந்தார்.

மரபு

முன்னாள் சாதனையாளர்கள் புதிய முயற்சிகளுக்குத் தோள் கொடுப்பது இப்பாதையின் பெருமைக்குரிய வழக்கம். டேவிஸின் முயற்சிக்கு ஹார்ட்டன் உதவினார். தம் சாதனையை முறியடிக்க வந்த மெல்ட்சருக்கு ஜூரெக்கே நேரில் போய் உதவினார்.